கிரேக்க அவலமும் வன்னியின் ஒப்பாரியும்: செவ்வியல் இலக்கியக் கல்வி பற்றிய சில குறிப்புகள்

1

பண்டைய கிரேக்க, உரோமக் காவியங்களையும் நாடகங்களையும் இணையவழியாகக் கற்கும் வாய்ப்பு இன்று நமது மாணவர்க்குக் கிட்டியுள்ளது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கிரகரி நாகி பல்லாண்டுகளாக நடத்திவந்த 'பண்டைய கிரேக்க வீரன்' பற்றிய பாடம் 2013 ஆம் ஆண்டில் கட்டணமின்றி எவரும் பயிலத்தக்கவாறு இணையத்தில் திறந்துவிடப்பட்டமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2020 இல் பெருந்தொற்றினால் விரிவுரை மண்டபங்கள் மூடப்பட்டபோது இத்தகைய கற்கைமுறை இலங்கை மாணவர்க்கும் பழக்கமானதாயிற்று.

வன்னிப் பெருநிலத்தைப் பொறுத்தவரை இது வசதி பற்றிய விடயம் மாத்திரமன்று. 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்களுடன் தொடங்கிற்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்தவையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழினுட்பம் சார்ந்த பீடங்களே. ஆகவே ஹோமரையும் சொபொக்கிளிசையும் முறையாகக் கற்க விரும்பும் முல்லைத்தீவு மாணவி ஒருத்தி ஊரைவிட்டுச் செல்லல் வேண்டும். அன்றேல் கைப்பேசித் திரையின் முன் அமர்தல் வேண்டும்.

திரையின்வழி வருவது நூல் மட்டுமன்று, நூலை நோக்கும் முறையுமாகும். கிரேக்க இலக்கியம் எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொதுவான மனித உணர்வுகளைப் பேசுவதால் நிலைபெற்றது என்பதே பொதுவாக அங்குத் தரப்படும் விளக்கம். இவ்விளக்கம் கருத்துமுதல்வாத நோக்கின்பாற்பட்டது. 1857 இல் எழுதிய முன்னுரைக் குறிப்பொன்றில் மார்க்ஸ் இதே பிரச்சினையை எழுப்பினார். கிரேக்கக் கலை குறிப்பிட்டதொரு சமூக வளர்ச்சி நிலையோடு பிணைந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. அச்சமூகம் அழிந்த பின்னரும் அக்கலை நமக்கு இன்பமளிப்பது ஏன் என்பதே கடினமான வினா என அவர் கண்டார். மனித குலத்தின் குழந்தைப் பருவம் மீதான ஈர்ப்பு என அவர் கூறிய விடை முற்றுப்பெறாததொரு குறிப்பேயாகும். அவ்வினாவை வன்னியிலிருந்து எழுப்பினால் வேறொரு விடை கிடைக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2

இந்நூற்றாண்டின் மாணவர் இணையவழியாகப் பெறும் ஹோமர் பற்றிய அறிவு எவ்வாறு உருவானது என்பதை முதலில் நோக்குவோம். மில்மன் பரி 1933க்கும் 1935க்கும் இடையில் யூகோசிலாவியாவுக்குச் சென்று, அங்கு எழுத்தறிவற்ற பாடகர் நெடும் பாடல்களைப் பாடும் முறையைப் பதிவு செய்தார். வாய்பாடுகளைக் கொண்டு பாடும்போதே பாட்டைக் கட்டும் அவர்தம் ஆற்றலைக் கொண்டே ஹோமரின் மொழியை அவர் விளக்கினார். அவர்தம் மாணாக்கர் அல்பேர்ட் லோர்ட் 1960 இல் வெளியிட்ட நூல் அவ்வாய்வை நிலைநிறுத்திற்று.

பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக் கிரேக்கப் பேராசிரியராகவும் மார்க்சிய அறிஞராகவும் விளங்கிய ஜோர்ஜ் தொம்சன் இதே உண்மையைப் பிறிதொரு வழியால் உணர்ந்தார். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவின் மீனவரிடமும் குடியானவரிடமும் அவர் ஐரிஷ் மொழி கற்றார். அவர்தம் அன்றாடப் பேச்சிலே கவிதையின் தாளம் இயல்பாக அமைந்திருத்தலைக் கேட்ட பின்னரே ஹோமரின் மொழி தமக்கு விளங்கிற்று என அவர் எழுதியுள்ளார். அத்தீவின் எஞ்சிய குடிகள் 1953 இல் வெளியேற்றப்பட்டனர். இன்று அங்கு ஊரில்லை.

தொம்சனிடம் ஆய்வு செய்த இரு இலங்கையரே ஈழத்து மார்க்சியத் திறனாய்வின் மூலவர்களாயினர். க. கைலாசபதி 1968 இல் ஒக்ஸ்போர்டில் வெளியிட்ட 'தமிழ் வீரநிலைக் கவிதை' பற்றிய ஆங்கில நூலில் சங்கப் பாணரையும் புலவரையும் கிரேக்க, கெல்திய மரபுகளோடு ஒப்பிட்டார். கா. சிவத்தம்பியின் பண்டைத் தமிழ்ச் சமூகத்து நாடகம் பற்றிய ஆய்வு 1981 இல் நூலாயிற்று. சடங்கிலிருந்து நாடகம் தோன்றும் முறையையும், அதற்குத் தளமாக அமையும் சமூக உறவுகளையும் அது ஆராய்ந்தது.

இவ்வாய்வாளருள் பரியும் தொம்சனும் உயிருடனிருந்த மக்கள் கலையிலிருந்து பழைய நூலை நோக்கிச் சென்றனர் என்பது மனங்கொளத்தக்கது. கைலாசபதியும் சிவத்தம்பியும் அவ்வழியிலேயே தமிழை அணுகினர். இணையவழிப் பாடம் அப்பயணத்தின் முடிவுகளைத் தருகின்றது. பயணம் தொடங்கிய இடமாகிய உழைக்கும் மக்களின் வாய்மொழியோ வன்னி மாணவியின் வீட்டு முற்றத்திலேயே உள்ளது. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடத்தும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தும், சாவீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரியும் அவள் கேட்டு வளர்ந்தவை. அவை தன் பாடத்துக்குப் புறம்பானவை என எண்ண அவளைப் பழக்கும் கல்வி, ஹோமரையும் அவளுக்குப் புரியவைக்காது.

3

இலியட் காவியம் அக்கிலீசின் சினத்தில் தொடங்கி ஹெக்ரரின் ஈமச் சடங்கில் முடிகின்றது. மகனைக் கொன்றவனின் பாசறைக்குத் தந்தை பிரியம் தனியே சென்று உடலைக் கேட்டுப் பெறுகின்றான். இறுதியாகிய 24 ஆம் காண்டத்தில் அந்திரோமகி, ஹெக்கூபா, ஹெலன் ஆகிய மூவரும் உடலருகில் நின்று புலம்புகின்றனர். ஒன்பது நாள் துக்கம், பத்தாம் நாள் எரியூட்டல், பதினோராம் நாள் மேடு எழுப்பல். பன்னிரண்டாம் நாளே மீண்டும் போர். பகைவரிடையேயும் இறந்தோனுக்குரிய கடன் மதிக்கப்படும் குலமரபுச் சமூகமொன்றின் நெறி இதிற் புலனாகின்றது.

இதனோடு உரோமக் காவியமாகிய ஈனிட்டை ஒப்பிடுதல் பயனுடைத்து. கி.மு. 19 இல் இறந்த வேர்ஜில், ஒகஸ்ரசின் பேரரசு உருவாகிய காலத்தில் எழுத்திலே யாத்த காவியம் அது. ஊரெரிந்து தந்தையைத் தோளில் சுமந்து வெளியேறும் அகதியின் கதையாகத் தொடங்குவதால் வன்னி வாசகரின் நெஞ்சை அது எளிதில் தொடும். ஆனால் அவ்வகதி ஈற்றில் அரசொன்றின் மூலவனாகின்றான். வீழ்ந்து கிடக்கும் தேர்ணஸ் உயிரையோ, அன்றேல் தன் உடலையோ உறவினரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றான். ஈனியஸ் வாளைப் பாய்ச்சுவதோடு காவியம் முடிகின்றது. ஈமச்சடங்குமில்லை, ஒப்பாரியுமில்லை. குலமரபுச் சமூகத்தின் பாட்டுக்கும் பேரரசின் காவியத்துக்குமுள்ள தூரத்தை இவ்விரு முடிவுகளும் அளந்து காட்டுகின்றன எனலாம். அரசின் தோற்றத்தைப் பாடிய வேர்ஜில் அதன் விலையையும் மறைக்காது விட்டமையே அவர்தம் பெருமையாகும்.

ஒப்பாரியை அரசு அஞ்சியமைக்கும் சான்றுண்டு. கி.மு. 594 இல் ஏதென்சின் ஆட்சியாளராகிய சோலன் ஈமச்சடங்குகளில் பெண்களின் புலம்பலைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தினார் எனப் புளூட்டார்க் கூறுகின்றார். குலங்களுக்கிடையே பழிவாங்கும் பகையைப் புலம்பல் மூட்டியதால் அதனை அடக்குதல் நகர அரசின் உருவாக்கத்துக்குத் தேவையாயிற்று என ஆய்வாளர் விளக்குவர். தெருவில் அடக்கப்பட்ட அப்புலம்பல் அடுத்த நூற்றாண்டில் அவலநாடகத்தின் பாடற்குழுவில், ஆண் நடிகரின் வாயிலாக, மீண்டும் ஒலித்தது. அவலநாடகத்தின் ஆற்றல் அது அடக்கப்பட்டதொன்றின் குரல் என்பதிலேயே தங்கியுள்ளது.

4

சொபொக்கிளிசின் அன்ரிகனி நாடகத்தில் இரு சகோதரர் எதிரெதிர் நின்று பொருது மாய்கின்றனர். ஒருவனுக்கு அரச மரியாதையுடன் அடக்கம். மற்றவனைப் புதைக்கலாகாது எனக் கிரியோனின் ஆணை. ஹேகல் இதனை இரு நியாயங்களின் மோதலாகக் கண்டார். அரசு ஒருபுறமும் இரத்த உறவின் கடமை மறுபுறமும் நிற்பதை அவர் சரியாகவே இனங்கண்டார். ஆனால் அதிகாரம் யார் கையில் உள்ளது என்ற வினாவை அவ்விளக்கம் போதியளவு எழுப்பவில்லை.

வன்னியில் இவ்வினா ஏட்டுச் சுரைக்காயன்று. 2009 மேயில் போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. மறுதரப்பினரைப் புதைத்த துயிலுமில்லங்கள் இடித்து நிரவப்பட்டன. மாண்ட குடிமக்களைப் பொதுவெளியில் நினைவுகூர்தலும் பல ஆண்டுகள் தடுக்கப்பட்டது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்து தொடர்போராட்டம் தொடங்கினர். 2023 இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண்ணை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன.

அன்ரிகனியிடம் உடல் உண்டு. மண்தூவ அனுமதியே இல்லை. இத்தாய்மாரிடம் உடலுமில்லை. இறந்தான் என அழவும், இருக்கின்றான் எனக் காத்திருக்கவும் இயலாத இந்நிலையைக் கிரேக்க நாடகம் முழுமையாக அறியாது. பழைய நூலை நம் வாழ்வுக்குப் பொருத்துவதோடு அமையாது, நம் வாழ்வைக் கொண்டு பழைய நூலின் எல்லையை அளத்தலும் ஒப்பியற் கல்வியின் பணியாகும்.

இங்கே முற்போக்குத் திறனாய்வு நேர்மையுடன் கூறவேண்டியதொன்றுண்டு. கிரியோன் ஒருபுறத்தில் மட்டும் நின்றானல்லன். துரோகிகளென இயக்கத்தினாற் கொல்லப்பட்ட பலருக்காகவும் ஊர்கூடி அழ முடியாதிருந்த காலமொன்று இருந்தது. அக்காலத்தில் புறநானூற்று வீரத்தாயும் நடுகல்லும் போருக்கு ஆளழைக்கும் படிமங்களாகப் பயன்பட்டன. 'வீரயுகம்' என்ற கருத்தாக்கத்தைக் கைலாசபதி வரலாற்றுக் கட்டமொன்றை விளக்கவே கையாண்டார். அதனை வாழ்வுக்குரிய முன்மாதிரியாக மாற்றியது பிறரின் செயல். அதே புறத்திணை மரபில் கையறுநிலையும் உண்டு. தலைவனை இழந்தோரின் புலம்பல் அது. கிரேக்க வீரனைப் பற்றிய பாடத்தைக் கற்கும் வன்னி மாணவர் வீரனின் புகழிலிருந்தா, அவனை இழந்தோரின் புலம்பலிலிருந்தா நூலைப் படிக்கத் தொடங்குவது என்பது அழகியல் சார்ந்த தெரிவு மட்டுமன்று. அது அரசியல் தெரிவுமாகும்.

5

ஈஸ்கிலசின் ஒரெஸ்தியா முத்தொகுதி கி.மு. 458 இல் அரங்கேறிற்று. அதன் ஈற்றில் இரத்தப்பழி கோரும் சினத்தெய்வங்கள் ஏதென்சின் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் சாந்தப்படுத்தப்பட்டு, நகரைக் காக்கும் தெய்வங்களாக இடம்பெறுகின்றன. பழைய குலமரபு நகர அரசினுள் அடக்கப்பட்ட வரலாற்றைத் தொம்சன் 1941 இல் வெளியிட்ட 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' என்ற நூலில் இதன்வழி விளக்கினார். சிலப்பதிகாரத்திலும் ஒத்ததோர் இயக்கம் உண்டு. மதுரைக் காண்டத்தில் அரசனிடம் நீதி கேட்டு ஊரை எரித்த கண்ணகி, வஞ்சிக் காண்டத்தில் மற்றோர் அரசன் எடுப்பிக்கும் கல்லில் தெய்வமாகின்றாள்.

ஆனால் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையின் ஐதிகம் வேறு. அங்குக் கண்ணகி கிழவி வடிவில் மாடுமேய்க்கும் சிறுவரிடம் வருகின்றாள். அவர்கள் பொங்கிய புக்கையை உண்கின்றாள். எண்ணெயில்லையென்றபோது கடல்நீரால் விளக்கேற்றச் சொல்கின்றாள். வைகாசிப் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இதனை நினைவூட்டுகின்றது. இக்கதையில் அரசனில்லை, கல் சுமந்த படையுமில்லை. உழைப்போரின் பசியும் உணவுமே உண்டு. அரசு தனதாக்கிக் கொண்ட தெய்வத்தை மக்கள் மீண்டும் தமதாக்கிக்கொண்டமையை இதிற் காண்கின்றோம். அந்நந்திக்கடலோரத்திலேயே 2009 இன் இறுதிப்போர் நிகழ்ந்தது.

மார்க்சின் வினாவுக்குத் திரும்புவோம். கிரேக்க அவலம் இன்றும் நம்மை ஆட்கொள்வதற்கு மாறாத மனித இயல்பைக் காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை. அரசுக்கும் உறவுக்கும், ஆணைக்கும் ஒப்பாரிக்கும் இடையே அக்காலத்தில் தோன்றிய முரண்பாடு வர்க்க சமூகத்தில் இன்னும் தீர்க்கப்படாதிருத்தலே காரணம். வன்னியில் அது மிகக் கூர்மையான வடிவில் நிற்கின்றது.

இதனால் எழும் கடமைகள் தெளிவானவை. கோவலன் கூத்தின் ஏடுகளும் ஆட்டமுறைகளும், முதிய பெண்களின் ஒப்பாரிகளும் அவர்தம் சம்மதத்துடன் பதிவு செய்யப்படல் வேண்டும். கிரேக்க, உரோம நூல்கள் தமிழிலேயே, இவற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்படல் வேண்டும். வன்னியில் கலைத்துறைக் கல்விக்கு இடம் கோருதலும் இதன் பகுதியே. அன்ரிகனி நாடகத்தின் பாடற்குழு தேபையின் முதியோரால் ஆயது. அறிந்தவர்களாயினும் நெடுநேரம் அவர்கள் ஆணைக்கு இசைந்தே பேசுகின்றனர். அவர்கள் அறிவுரை கூறத் துணியும்போது காலம் கடந்துவிடுகின்றது. பல்கலைக்கழகத்தார் அந்நாடகத்தைக் கற்பிக்கும்போது தம் இடம் எதுவென்பதையும் அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.