ஐம்பது சுட்டால் போதுமா?

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், 25 மீட்டர் அதிவேகப் பிஸ்டல் போட்டியில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் பயன்படும் தோட்டா மிகச் சிறியது. அதன் குண்டு ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.6 கிராம் எடையும் உடையது. 'பாயின்ட் டூ டூ' என்று அழைக்கப்படும் இத்தோட்டாவைத்தான் உலகெங்கும் துப்பாக்கிக் கழகங்களில் புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் முதலில் கையாள்கின்றனர். விலையும் குறைவு, உதைப்பும் குறைவு. ஆனால் வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் ஏமாற்றுவதிலும் இது மற்றத் தோட்டாக்களை முந்திவிடுகிறது.

ஆகவே, பயிற்சிப் பிஸ்டலுக்கு எந்தத் தோட்டா நம்பகமானது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு வழக்கமாக மூன்று பதில்கள் கிடைக்கும். 'பெட்டியில் அச்சிட்டுள்ள வேகத்தைப் பார்' என்பது ஒன்று. 'பெயர் பெற்ற கம்பெனியாகப் பார்த்து வாங்கு' என்பது இரண்டு. 'நான் ஒரு பெட்டி முழுவதும் சுட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை' என்ற சாட்சியம் மூன்று. இம்மூன்றும் விஞ்ஞானச் சோதனைக்குத் தாங்குமா என்று பார்ப்போமா?

முதலில் தோட்டாவின் அமைப்பை அறிந்துகொள்வோம். பெரிய தோட்டாக்களில், அடிப்பாகத்தின் மையத்தில் பற்றுமருந்து அடங்கிய தனிக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். நம் சிறு தோட்டாவில் அப்படி ஏதும் இல்லை. பித்தளை உறையின் அடி விளிம்பு, உள்ளே குழிவாக மடிக்கப்பட்டிருக்கிறது. ஈரமான பற்றுமருந்தை உறைக்குள் இட்டு, வேகமாகச் சுழற்றி, அந்தக் குழிவில் பரவச் செய்கிறார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பை அடித்து நசுக்கும்போது, அந்த மருந்து பற்றிக்கொள்கிறது. இதனால்தான் இதற்கு 'ரிம்ஃபயர்', அதாவது விளிம்பில் பற்றுவது, என்று பெயர். பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் 1845இல் செய்த சிறு தோட்டாவே இதன் முன்னோடி. இன்று நாம் காணும் 'லாங் ரைஃபிள்' வடிவம் 1887இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் உருவாயிற்று.

இந்த அமைப்பிலேயே குறை ஒளிந்திருக்கிறது. விளிம்பு முழுவதும் மருந்து சீராகப் பரவவேண்டும். ஓரிடத்தில் மருந்து இல்லாமல் போய், ஊசியும் அதே இடத்தில் அடித்தால், தோட்டா வெடிக்காது. மருந்து சரியாக ஒட்டாத தீக்குச்சி ஒன்று பெட்டிக்குள் கலந்துவிடுவது போலத்தான் இதுவும். ஆயினும் குச்சியின் தலையை நாம் கண்ணால் பார்க்கலாம். விளிம்பின் உட்புறத்தைப் பார்க்க முடியாது.

இனி வேகத்திற்கு வருவோம். பயிற்சிப் பிஸ்டல்களில் பல, தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. குண்டு முன்னே பாயும்போது, வெறும் உறை பின்னே தள்ளப்படுகிறது. அது ஸ்லைடு எனப்படும் மேற்பகுதியையும் உடன் தள்ளுகிறது. தள்ளு குறைந்தால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். கூடினால் பாகங்கள் மோதித் தேயும். இங்கே கணக்கில் வருவது வேகம் மட்டுமன்று. எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் உந்தம்.

அமெரிக்காவின் சி.சி.ஐ. நிறுவனத்தின் மூன்று வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாண்டர்ட்' வகையில் 40 கிரெயின் குண்டு வினாடிக்கு 1,070 அடி செல்கிறது. 'மினி-மாக்' வகையில் அதே எடைக் குண்டு 1,235 அடி செல்கிறது. 'ஸ்டிங்கர்' வகையில் 32 கிரெயின் குண்டு 1,640 அடி செல்கிறது. மினி-மாக்கைவிட ஸ்டிங்கரின் வேகம் 33 சதவிகிதம் அதிகம். ஆனால் பெருக்கிப் பாருங்கள்: குண்டின் உந்தம் 6 சதவிகிதமே அதிகம்! மாறாக, ஸ்டாண்டர்டிலிருந்து மினி-மாக்குக்கு வேகம் 15 சதவிகிதம்தான் கூடுகிறது. ஆனால் ஸ்லைடு பெறும் இயக்க ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது சுமார் 33 சதவிகிதம் கூடிவிடுகிறது. பெட்டியில் உள்ள வேகமோ நீண்ட ரைஃபிள் குழலில் அளந்தது. நான்கைந்து அங்குலக் குழலுள்ள பிஸ்டலில் அது குறையும். ஆகவே 'வேகம் கூடியது நல்லது' என்ற பதில் பாதி உண்மைகூட இல்லை. வலுவான சுருள்வில் கொண்ட பிஸ்டலுக்கு வேகத் தோட்டா தேவைப்படலாம். போட்டிப் பிஸ்டல்கள் பலவும் ஸ்டாண்டர்ட் வேகத்திற்கென்றே அமைந்தவை. எது பொருந்தும் என்பதைப் பிஸ்டலின் கையேடு சொல்லும்.

கம்பெனிப் பெயரும் முழு உத்தரவாதம் ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே வகை, ஆனால் வேறு நாளில் வேறு கலவையில் செய்த தொகுதி வேறு விதமாக நடக்கலாம். பெட்டியில் தொகுதி எண் அச்சிடுவது இதற்காகத்தான். இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா போன்ற நிறுவனங்கள், போட்டியாளர்கள் தம் துப்பாக்கியைக் கொண்டுவந்து தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்க வசதி செய்து தந்திருக்கின்றன. பெயர் மட்டும் போதுமானால் இந்தச் சிரமம் எதற்கு?

மூன்றாவது சாட்சியம்தான் நம்மை மிகவும் ஏமாற்றுவது. ஒரு பெட்டியில் 50 தோட்டாக்கள். நூற்றுக்கு இரண்டு பழுதாகும் மட்டமான தொகுதி ஒன்றை ஒருவர் வாங்கினார் என்று கொள்வோம. ஒரு தோட்டா சரியாக வெடிக்கும் வாய்ப்பு 0.98. ஐம்பதும் வெடிக்கும் வாய்ப்பை அறிய, 0.98ஐ ஐம்பது முறை பெருக்கவேண்டும். விடை சுமார் 0.36. அதாவது, இத்தகைய பெட்டியை வாங்கும் மூவரில் ஒருவருக்கு மேல் 'ஒன்றுகூடத் தவறவில்லை' என்று மனமாரப் புகழ்வார்! அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய சோதனை சிறியது, அவ்வளவே.

அப்படியானால் எத்தனை சுடவேண்டும்? ஒரு எளிய விதி உண்டு. தவறே இல்லாமல் சுட்ட எண்ணிக்கையால் 3ஐ வகுங்கள். உண்மையான பழுது விகிதம் அதற்கு மேல் இராது என்று 95 சதவிகித நம்பிக்கையுடன் கூறலாம். 50 சுட்டால், 'பழுது நூற்றுக்கு 6க்கு மேல் இல்லை' என்று மட்டுமே சொல்ல முடியும். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை என்று சொல்ல 300 சுடவேண்டும். அவையும் ஒரே தொகுதியாய், உங்கள் பிஸ்டலிலேயே சுட்டவையாய் இருக்கவேண்டும்.

தவறு நேர்ந்தாலும் பழியைத் தோட்டாமேல் உடனே போட்டுவிடாதீர்கள். வெடிக்காத தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள். ஊசித் தடம் மேலோட்டமாக இருந்தால், குற்றவாளி தளர்ந்த சுருள்வில்லாகவோ அழுக்காகவோ இருக்கலாம். தடம் ஆழமாக இருந்து, தோட்டாவைச் சற்றுத் திருப்பி வைத்து மறுபடி அடிக்கும்போது வெடித்தால், முதலில் அடித்த இடத்தில் மருந்து இல்லை என்று ஐயுறலாம். திருப்பாமல் அடித்தே இரண்டாம் முறை வெடித்தால், தோட்டா அறைக்குள் முழுதாக அமராமல், முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகியிருக்கலாம். இச்சோதனைகளைப் பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே செய்யவேண்டும்.

இதில் அப்படி என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கிறீர்களா? சில தோட்டாக்கள் தாமதமாகவும் பற்றும். ஆகவே வெடிக்காதபோது குழலை இலக்கை நோக்கியே வைத்து, குறைந்தது 30 வினாடி பொறுக்கவேண்டும். சத்தம் மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அதன் பின்னே இன்னொன்றைச் சுட்டால் குழல் பிதுங்கிச் சேதமாகும். அடிக்கடி தவறும் தோட்டா, பயில்பவரைப் பொறுமை இழக்கச் செய்கிறது. அவசரத்தில் இவ்விதிகள் மறந்துபோகின்றன. மலிவு விலையில் மிச்சப்படுத்திய பணத்தைவிட இந்த நஷ்டம் பெரிது.

ஆகவே, அடுத்த முறை யாரேனும் ஒரு தோட்டாவை உங்களிடம் புகழ்ந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பிஸ்டலில்? எந்தத் தொகுதி? எத்தனை சுட்டீர்கள்? எத்தனை தவறின, எவ்விதமாக? இந்நான்குக்கும் குறிப்பேட்டைப் பார்த்து விடை சொல்பவரின் பரிந்துரையை ஏற்கலாம். மற்றவர்களுடையது, அவர்கள் எவ்வளவு நல்லவர்களாயினும், வெறும் அபிப்பிராயமே.