போப்பின் மடலும் கானின் மறுமொழியும்

1245 மார்ச்சுத் திங்களில் போப்பாண்டவர் நான்காம் இன்னசென்ட், லியோன் நகரிலிருந்து மங்கோலிய மன்னருக்கு மடல்கள் வரைந்தார். படுகொலைகளைக் கண்டித்து, அமைதி வேண்டி, கிறித்துவ நெறிக்கும் அழைத்த மடல்கள் அவை. அதே நகரில், அவ்வாண்டு ஜூலையில், தம் பகைவரான பேரரசர் இரண்டாம் பிரடெரிக்கைப் பதவி நீக்கியவரும் அவரே.

கார்ப்பினி என்னும் துறவியிடம் குயுக் கான் 1246இல் கொடுத்தனுப்பிய மறுமொழி, வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. முகப்பு துருக்கி, உடற்பகுதி பாரசீகம், நாள் ஹிஜ்ரி 644, ஜுமாதல் ஆகிர் இறுதி. முஸ்லிமல்லாத இரு வல்லமைகள் உரையாட, முஸ்லிம்களின் எழுத்தும் நாட்கணக்குமே பாலமாயின. இதில் நாம் பெருமை கொள்ளலாம்.

மடலின் பொருளிலோ கொள்ளலாகாது. இறைவன் எவரை மன்னிப்பான் என்று உமக்கு எவ்வாறு தெரியும் எனக் கான் வினவுவதை, போப்புக்குக் கொடுத்த சூடாக நம்மவர் சுவைக்கக்கூடும். மேலே படித்தால் அச்சுவை நில்லாது. கதிர் எழும் திசைமுதல் விழும் திசைவரை இறைவன் எமக்களித்தான், நேரில் வந்து பணிக என்பதே அதன் சாரம். பிறரைக் கேட்ட வினாவைக் கான் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. 12 ஆண்டுகளுக்குப் பின், 1258இல், அதே உரிமைக்குரல்தான் பக்தாதை அழித்தது. பிறர் வாயை அடைத்த சொல்லை மெச்சுமுன், அது நம் வாயிலில் வந்து நின்றால் என்னாகும் என எண்ணுவதே நேரிய திறனாய்வு.