பள்ளு நூல்களில் உழத்தியர் முறையீடு

பள்ளு நூல்களைத் திறனாய்வு செய்தோர், அவற்றுள் மூத்த மனைவி பண்ணைக்காரனிடம் சென்று முறையிடும் பகுதியை நகைச்சுவைக்கென அமைந்தது எனக் கூறி விரைந்து கடப்பர். விதைவகை, மாட்டுவகை, நடவின் அழகு, சக்களத்தியர் ஏசல் ஆகியவை பெறும் விளக்கத்தில் கால்பங்கேனும் அம்முறையீடு பெறுவதில்லை. அவ்வாறு கடத்தல் தகாது என்பது எம் கருத்து. உழவுத்தொழிலில் உழலும் பெண்ணொருத்தி ஊரதிகாரத்தின் முன் நின்று வழக்குரைக்கும் காட்சி தமிழில் விரிவாகக் கிடைப்பது இப்பகுதியிலேயாம்.

பொருநையும் சிற்றாறும் கூடும் இடத்தைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளினை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கணவன் இளையவள் இல்லிலேயே தங்கிவிடுகின்றான். மூத்தவள் நெஞ்சிற் பட்ட புண் அதுவே. ஆயினும் அவள் பண்ணைக்காரனிடம் அதனை மட்டும் கூறி அமைந்தாளில்லை. அவன் பண்ணை வேலையைக் கைவிட்டான் என்பதையும் சேர்த்தே கூறுகின்றாள். தன் மனைவாழ்வின் துயரை ஆண்டை செவிமடுக்கமாட்டான், பயிர்த்தொழிலின் கேட்டையே செவிமடுப்பான் என்பது அவளுக்குத் தெரியும். கேட்பவன் மொழியை அறிந்து தன் குறையை அம்மொழியிற் பெயர்த்துக் கூறும் இத்திறம் சிரித்துக் கடத்தற்குரியதன்று. வழக்கும் பலிக்கிறது, கணவன் கால் தொழுமரத்தில் மாட்டப்படுகிறது. பின்னர் அவனை விடுவிக்குமாறு வேண்டுபவளும் அவளே. வழக்குத் தொடுத்தவள், தண்டத்தைக் கண்டவள், தண்டத்தை நீக்கியவள் என மூன்று நிலைகள் ஒருத்திக்கே உரியவாகின்றன.

கண்ணகி பாண்டியன் அவையிற் சென்று வழக்குரைத்ததை அரசியலென்று போற்றும் நாம், இவள் வழக்கை மட்டும் வேடிக்கை என்பது ஏன்? அரண்மனை வாயிலுக்கும் பண்ணை வாயிலுக்கும் உள்ள வேறுபாடு காரணமாகுமேல், அது திறனாய்வாளர் குறையேயன்றி நூலின் குறையன்று.

இதற்கு ஒரு தடை எழலாம். அம்முறையீடு ஆண்டையின் அதிகாரத்தை வளர்ப்பதன்றி உழத்திக்கு உரிமை ஈவதன்று என்பர். தடை வலியுடையதே. அவள் பெற்றது தயவு. மேலும், கணவனுக்கு வடிவழகன் என்னும் பெயர் உண்டு. மனைவியர் இருவரும் ஊரானும் முறையானும் சுட்டப்படுகின்றனர். முக்கூடலாள், மருதூராள், மூத்தவள், இளையவள் என்பனவன்றி அவர்க்குத் தனிப்பெயர் இல்லை. குரல் பெற்றவள் பெயர் பெற்றிலள்.

இக்காலத்தில் ராஜம் கிருஷ்ணன் 'சேற்றில் மனிதர்கள்', 'பாதையில் பதிந்த அடிகள்' ஆகிய நாவல்களில் கீழத்தஞ்சை உழவுத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாக்கினார். பின்னது, 1953இல் மறைந்த மணலூர் மணியம்மையின் வரலாற்றைத் தழுவியது. பண்ணையை ஆண்ட குடும்பத்துக் கைம்பெண் கூலியாட்கள் பக்கம் நின்றது வியத்தற்குரியதே. எனினும் அந்நாவலிற் பேசுபவள் தலைவி. வயலில் நின்ற பெண்டிர் பெரும்பாலும் அவள் பின்னே நிற்கும் கூட்டமாகவே காணப்படுகின்றனர். முறையீட்டுக் குரலில் மட்டும் பழைய பள்ளே ஒருபடி முன்னிற்கிறது என்போம்.

இவ்வாராய்ச்சிக்கு உரிய களம் நூலகத்தளவில் அமைவதன்று. சிதம்பரத்திலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத கம்மாபுரம் ஒன்றியத்தை எண்ணுவோம். அண்மையிலுள்ள நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைந்த பின், சுற்றுவட்டாரத்தில் வயல்கள் பல சுரங்கத்திற்காக எடுக்கப்பட்டன. நிலத்தின் விலை பட்டா உடையவரைச் சேரும்; அந்நிலத்தில் ஆண்டுதோறும் நாற்று நட்டவள் எங்குச் சென்று முறையிடுவாள்? 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் வழி வந்த கிராம சபையே அவள் செல்லத்தக்க வாயில்களுள் ஒன்று. அச்சட்டப்படி 1996இல் நடந்த தேர்தலில் பெண்டிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2016இல் அப்பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. கிராம சபையில் உழத்தி குடிநீரும் கூலியும் பற்றிப் பேசுவது தயவு வேண்டியன்று, அவள் உறுப்பினள். வருகைக்குக் கையெழுத்தோ கைந்நாட்டோ இடுகின்றாள். மூத்தவள் பெறாத பெயரை இவள் பதிவேட்டிற் பெறுகின்றாள்.

ஆயினும் இம்மாற்றத்தை முழுமையுற்றதாகக் கொள்ளல் பிழை. கடலூர் மாவட்டத்திலேயே, புவனகிரிப் பகுதித் தெற்குத்திட்டையில், ஒடுக்கப்பட்ட குலத்தவரான ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டிருந்த செய்தி 2020 அக்டோபரில் படத்துடன் வெளிவந்தது. மற்றையோர் நாற்காலியில் இருந்தனர். ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மனைவி தலைவராக இருக்கக் கணவனே ஆளும் ஊர்களும் பல. அங்கே பெயர் மனைவியுடையது, குரல் கணவனுடையது. பள்ளில் நாம் கண்ட நிலை இங்குத் தலைகீழாகக் கிடக்கிறது.

நாட்டுப்புறப் பாடல் தொகுப்போர் நடவுப் பாட்டுகளைத் தேடிச் செல்வர். அது நன்றே. எனினும் கம்மாபுரம் போன்ற ஊர்களில் பெண்டிர் சபையில் எழுந்து பேசும் பேச்சையும் அவர் எழுதிக்கொள்ளல் வேண்டும். குறையை எந்த மொழியிற் பெயர்த்துக் கூறுகின்றனர், யாரை விளித்துத் தொடங்குகின்றனர், கணவன் அருகிருக்கையில் சொல் எங்ஙனம் மாறுகிறது என்பனவற்றைக் குறித்தாலன்றி, முக்கூடலாள் பண்ணை வாயிலில் என்ன செய்தாள் என்பதும் நமக்கு விளங்காது.