தத்துவ வினாவும் புராணப் புனைவும்

அமிஷ் திரிபாதியின் முதல் நாவலான ‘மெலூஹாவின் அமரர்கள்’ (2010), தீமை யாது என ஆராயும் தத்துவக் கட்டுரையாகவே தொடங்கப்பெற்றது. குடும்பத்தாரின் யோசனையால் கதையாயிற்று. காசிப் பண்டிதரான பாட்டனாரின் மரபில் கேட்டறிந்த புராணங்கள் அதற்கு உரமாயின. சிவனைப் பிறவிக் கடவுளாக அன்றி, செயலால் உயரும் மனிதனாகப் படைத்தமை இந்நாவலின் துணிவு. சோமரசம் பருகியே அவன் கழுத்து நீலமாகிறது.

எனினும், கட்டுரையின் சுவடு முற்றும் நீங்கவில்லை. பாத்திரங்கள் பலவிடத்தும் கருத்துகளை விளக்கவே முனைகின்றனர். ஆயின், தீயோரெனக் கருதித் தான் போரில் வென்ற சந்திரவம்சியர் தீயோரல்லர் எனச் சிவன் அறிந்து கலங்குமிடத்தில், வினா அனுபவமாகிறது. அங்கு விளக்கம் வேண்டப்படவில்லை. புராணத்தைப் புதுக்கி எழுத விழையும் மாணவர்க்கு நாம் சுட்டவேண்டிய இடம் அதுவே எனக் கருதுகிறோம்.