பாபிலோன் பிட்காயின் ஸ்டேக்கிங்: ரிலே சேவைகள் குறித்த விமர்சனம்

பாபிலோன் என்பது பிட்காயினைப் பிணையாக வைத்து வேறு பிளாக்செயின்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் நெறிமுறை ஆகும். இதன் முதற்கட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பாபிலோன் ஜெனிசிஸ் எனும் தனிச் சங்கிலி 2025 ஏப்ரலில் செயற்பாட்டுக்கு வந்தது. பிட்காயின் உரிமையாளரின் கையை விட்டுப் போவதில்லை, இடையில் யாரையும் நம்பத் தேவையில்லை என்பவை இதற்குச் சொல்லப்படும் இரு சிறப்புகள். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவதை அப்படியே ஏற்க முடியாது.

பிட்காயினால் வேறொரு சங்கிலியில் நடப்பதைப் படிக்க இயலாது. எனவே சங்கிலிக்கு வெளியே இயங்கும் 'விஜிலான்டி' நிரல்கள் இடையில் செய்தி கொண்டு செல்கின்றன. ஒன்று பிட்காயின் தொகுதிகளின் தலைப்புகளைப் பாபிலோனுக்கு அனுப்புகிறது. மற்றொன்று பாபிலோனின் சோதனைப்புள்ளிகளைப் பிட்காயினில் பதிகிறது. மூன்றாவது, பிணை விடுவிக்கப்படுவதையும் தண்டத்துக்குரிய குற்றங்களையும் கண்காணிக்கிறது.

இவற்றை யாரும் இயக்கலாம். வேலைச்சான்று இருப்பதால் பொய்யான தலைப்பை உருவாக்குவது மிகக் கடினம். நேர்மையான ஒருவர் இயக்கினாலே போதும் என்பது வடிவமைப்பின் வலிமை.

ஆனால் அந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும். பிணையை விடுவித்த செய்தி பாபிலோனுக்குப் போய்ச் சேராவிட்டால், விலகிய பிணைக்கும் வாக்குவலிமை தொடரும். இரட்டைக் கையொப்பமிட்டவரின் இரகசியச் சாவி வெளிப்பட்டாலும், விடுவிப்புக் காலம் முடியும் முன் தண்டப் பரிவர்த்தனையை யாராவது பிட்காயினில் ஒலிபரப்பியாக வேண்டும். சோதனைப்புள்ளியைப் பதிபவர் பிட்காயின் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். எல்லோராலும் செய்யக்கூடிய வேலையை ஒருவரும் செய்யாமல் விடும் ஆபத்து இங்கே உண்டு.

உடன்படிக்கைக் குழு இன்னொரு நம்பிக்கைப் புள்ளி. முதற்கட்டத்தில் ஒன்பது உறுப்பினரில் ஆறு பேரின் கையொப்பம் தேவைப்பட்டது. உரிமையாளரின் கையொப்பம் இன்றி இக்குழுவால் பிட்காயினை எடுக்க முடியாது. குழு முடங்கினாலும் பூட்டுக்காலம் முடிந்ததும் பிட்காயினைத் திரும்பப் பெறலாம். எனினும் பெரும்பான்மையோர் உரிமையாளருடன் கூட்டுச் சேர்ந்தால், காத்திருப்பையும் தண்டத்தையும் தவிர்த்துப் பிணையை வெளியே எடுக்க வழி உண்டு. அப்போது இழப்பு உரிமையாளருக்கு அன்று, அப்பிணையை நம்பிய சங்கிலிக்கே.

ஆகவே பிணை வைப்பவரைக் காப்பதில் இவ்வமைப்பு வலுவானது. பாதுகாப்பைப் பெறும் சங்கிலிக்கு அது தரும் உறுதி, விஜிலான்டிகளை எத்தனை பேர், என்ன ஊதியத்துக்கு இயக்குகிறார்கள் என்பதையும் சார்ந்தது. பூட்டப்பட்ட பிட்காயினின் அளவை மட்டும் பார்த்து இதனை மதிப்பிடுவது போதாது.