சிறையெழுத்தும் கேட்போரும்: திமோத்தி லியரியின் தாள்களை முன்வைத்து

1. முன்னுரை

சிறையிலிருந்து எழுதப்பெற்ற நூல்களை விடுதலை இலக்கியம் என்னும் ஒரே வகைக்குள் அடக்கிவிடும் வழக்கம் திறனாய்வில் வேரூன்றியுள்ளது. சிறை எழுதுபவனின் உடலைக் கட்டியதேயன்றி அவன் சொல்லைக் கட்டவில்லை என்ற நம்பிக்கையே இவ்வழக்கத்தின் அடிப்படை. ஆயின் சிறையில் எழுதப்படும் தாள், வெளியுலகை எட்டுமுன் அதிகாரியின் பார்வைக்குச் செல்லக்கூடியது. வழக்குரைஞரும் நீதிமன்றமும் விடுதலை வாரியமும் அதன் வாசகராகக் கூடும். எனவே, இத்தகைய எழுத்தில் 'என்ன சொல்லப்பட்டது' என்பதற்கு முன்னர் 'யாரிடம் சொல்லப்பட்டது' என்று கேட்பது இன்றியமையாததாகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக எண்ணுகிறது. இவ்விடத்தில் இம்மொழியை இன்னார் இன்னார்க்கு உரைத்தார் என்று உணரவைப்பதை 'முன்னம்' எனவும் கூறுகிறது. செய்யுளுக்கு வகுக்கப்பட்ட இக்கருவிகளைக் கொண்டு, அமெரிக்க எதிர்ப்பண்பாட்டு இயக்கத்தின் முதன்மையாளருள் ஒருவரான திமோத்தி லியரியின் (1920-1996) சிறையெழுத்துகளை மொழிபெயர்ப்பாளர் நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லாதிருக்கும் உரிமை

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த லியரி, மனநிலையை மாற்றும் வேதிப்பொருள்கள் குறித்த ஆய்வுகளால் பெயர்பெற்று, 1963இல் அங்கிருந்து விலக்கப்பட்டார். 1965 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோ எல்லையில் கஞ்சா தொடர்பாகக் கைதானார். 1966இல் அவருக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வழக்கில் அவர் தரப்பில் இரு வாதங்கள் முக்கியமானவை. ஒன்று, தாம் இந்து நெறியைப் பின்பற்றுபவர் என்ற சமயவுரிமை வாதம். இதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. மற்றொன்று, கஞ்சா வரிச்சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே தம்மைக் குற்றவாளியாகக் காட்டிக்கொடுப்பதாகும் என்ற வாதம். இதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1969இல் ஏற்று, தண்டனையை நீக்கியது.

ஆக, அமெரிக்கச் சட்ட வரலாற்றில் லியரியின் பெயர் ஒருவன் தனக்கெதிராகத் தானே பேச வேண்டியதில்லை என்னும் கோட்பாட்டோடு இணைந்து நிற்கிறது. பின்னர் அவர் எழுதியவற்றையும் வாய்திறந்து கூறியவற்றையும் படிப்போர் இத்தொடக்கத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3. சிறையில் எழுதிய முதல் எழுத்து

கலிபோர்னியாவில் நடந்த வேறொரு கைது காரணமாக 1970இல் லியரி சிறைப்பட்டார். அவ்வாண்டின் முற்பகுதிக் குறிப்புகள் 'ஜெயில் நோட்ஸ்' என நூலுருப் பெற்றன. கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் அதற்கு முன்னுரை எழுதினார். ஆனால் சிறையில் லியரி எழுதியவற்றுள் முதலில் எண்ணத்தக்கது அந்நூலன்று, ஒரு விடைத்தாள் என்பது என் கருத்து.

கைதிகளைத் தரம்பிரிக்கத் தரப்பட்ட உளவியல் சோதனைகளுள் தமது பழைய ஆய்வின் வழிவந்தவையும் இருந்தன என்றும், தோட்டவேலையில் நாட்டமுள்ள சாதுவான மனிதராகத் தோன்றும்படி அவற்றுக்கு விடையெழுதியதாகவும் லியரியே பின்னாளில் கூறினார். 1957இல் வெளிவந்த அவரது ஆளுமையியல் நூல் துறையினரால் மதிக்கப்பெற்றது. மனிதரைப் படிக்க முறை வகுத்தவர், அம்முறையால் தம்மைப் படிப்பவர்க்கு ஏற்பத் தம்மையே எழுதிக்காட்டினார் எனில், கேட்போரை அறிந்து கூற்றை அமைக்கும் திறத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காவல் தளர்ந்த சான் லூயிஸ் ஒபிஸ்போ சிறைக்கு அவர் அனுப்பப்பட்டார். 1970 செப்டம்பரில் அங்கிருந்து தப்பினார்.

4. போர்ச்சொல்லும் தன்மைப் பன்மையும்

தப்புவதற்கு உதவியது 'வெதர் அண்டர்கிரவுண்ட்' என்னும் ஆயுதப் புரட்சிக் குழு. அதையடுத்து லியரி பெயரால் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதில் அவர் தம்மைப் போர்க்கைதியாகக் காட்டி, தாம் ஆயுதம் தாங்கியிருப்பதாகவும் அறிவித்தார். அதுவரை அன்பையும் சமாதானத்தையும் பேசியவரின் இம்மாற்றத்தை நாவலாசிரியர் கென் கீஸி வெளிப்படைக் கடிதம் வாயிலாக மறுத்தார்.

இவ்வறிக்கையில் கண்ணன் மகிழ்ச்சிக்கும் சிவன் கடுமைக்கும் அடையாளமாக நிறுத்தப்பெற்றுள்ளமை தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தனிக் கவனத்துக்குரியது. தமிழில் 'சிவன்' என்ற அளவிலேயே திருமுறை மரபின் அன்பும் அருளும் உடன்வந்து சேர்கின்றன. லியரியின் கூற்றில் அவை இல்லை. அழிவுத்தொழில் ஒன்றே அங்கு எஞ்சுகிறது. 1966இல் நீதிபதியிடம் பாதுகாப்புக் கோரிய அதே இந்துச் சொற்றொகுதி, 1970இல் தோழரிடம் போருக்கு அழைக்கிறது. சொல் ஒன்றே, களனும் கேட்போரும் வேறு. 'உருத்திரன்' எனப் பெயர்த்தால் பொருள் பொருந்தும். எனினும் ஆசிரியரிடம் இல்லாத புலமையை அவருக்கு ஏற்றியதாகும். 'சிவன்' என்றே விடுத்து, அச்சொல் தமிழ்க் காதுக்குப் பொருந்தாமல் நிற்பதை அவ்வாறே நிற்கவிடுதல் நேர்மையான பெயர்ப்பு என்பேன்.

இத்தகைய அறிக்கைகளில் ஆங்கிலத் தன்மைப் பன்மை வருமிடங்கள் மேலும் சிக்கலானவை. ஆங்கிலத்துக்கு ஒரே வடிவம் போதும். தமிழோ கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', கேட்போரை விலக்கும் 'நாங்கள்' என இரண்டாகப் பிரிகிறது. 'நாம்' என்றால் வாசகன் போரில் சேர்க்கப்படுகிறான். 'நாங்கள்' என்றால் தப்பவைத்த குழுவின் குரல் மேலெழுகிறது. தமக்கு உதவியவரின் மொழியை நன்றிக்கடனாக லியரி ஏற்றாரா, மனமொப்பிப் பேசினாரா என்ற வினாவை ஆங்கிலம் திறந்து வைக்கிறது. தமிழ் இலக்கணமோ ஒவ்வொரு வாக்கியத்திலும் அதற்கு விடை கேட்கிறது. மொழிபெயர்ப்பாளர் விரும்பினும் விரும்பாவிடினும் இங்குத் திறனாய்வாளரும் ஆகிறார்.

5. வாக்குமூலம் என்னும் சொல்

அல்ஜீரியாவிலும் பின்னர் சுவிட்சர்லாந்திலும் தங்கிய லியரி, தம் சிறைவாழ்வையும் தப்பிய கதையையும் எழுதினார். 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஹோப் ஃபீண்ட்' என்னும் அந்நூல் 1973இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஜனவரியில் அவர் காபூலில் பிடிபட்டு அமெரிக்கச் சிறைக்குத் திருப்பப்பட்டிருந்தார்.

'டோப் ஃபீண்ட்' என்பது போதைக்கு அடிமையானோரை ஏசும் தொடர். ஓரெழுத்தை மாற்றிப் போதையின் இடத்தில் நம்பிக்கையை வைத்தார் லியரி. தமிழில் 'நம்பிக்கைப் பித்தன்' என்று பெயர்க்கத் தோன்றும். ஆனால் 'பித்தன்' என்பது சுந்தரர் வாக்கினால் ஏச்சுத்தன்மை நீங்கி உரிமைச்சொல்லாகிவிட்டது. மூலத்தில் இருப்பது பிறர் உமிழ்ந்த ஏச்சு. அதனைக் காக்க 'நம்பிக்கை வெறியன்' என்பதே ஏற்றது. ஓசைநயம் இழக்கப்படினும் ஏச்சு இழக்கப்படலாகாது.

'கன்ஃபெஷன்' என்பதோ இதனினும் ஆழமானது. அகஸ்டின் கடவுளிடமும் ரூசோ உலகத்தாரிடமும் பேசிய நூல்களின் பெயர் அது. டி குவின்சி 1821இல் எழுதிய அபின் பழக்க நூலின் பெயரும் அதுவே. காவல்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல். தமிழில் கத்தோலிக்கரின் 'பாவசங்கீர்த்தனம்', நீதிமன்றத்தின் 'ஒப்புதல் வாக்குமூலம்', தன்வரலாற்றுக்குரிய 'மனந்திறந்த உரை' எனக் கேட்போருக்கேற்பச் சொற்கள் வேறுபடுகின்றன. இவற்றுள் ஒன்றைக் கொண்டால் மற்றவை மறைகின்றன.

1973 அளவில் நோக்கின் இத்தலைப்பு இலக்கிய விளையாட்டு. ஆனால் 1974இல் லியரி எஃப்.பி.ஐ. அதிகாரிகளுக்குத் தகவல் தரத் தொடங்கினார். தனக்கெதிராகப் பேசாதிருக்கும் உரிமையை வென்றவர், இப்போது தம்மோடு பிறரையும் பற்றிப் பேசினார். அவ்வாண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பழைய நண்பர்கள் செய்தியாளர் கூட்டம் நடத்தினர். ஜெர்ரி ரூபின், ராம் தாஸ், லியரியின் மகன் ஆகியோர் அதில் பங்கேற்றனர். கின்ஸ்பெர்க் தம் கருத்தைத் தீர்ப்பாகக் கூறாது வினாக்களின் தொகுதியாகவே முன்வைத்தமை நோக்கத்தக்கது.

எனவே தலைப்புக்கு 'வாக்குமூலம்' என்ற சொல்லையே பரிந்துரைக்கலாம். இக்காலத் தமிழில் அது காவல்நிலையத்துக்கும் உரியது, கவிதைத் தொகுப்புக்கும் உரியது. நூலாசிரியர் 1973இல் அறிந்திராத நிழலையும் அது தாங்கும்.

6. ஒரே ஆண்டு, இருவகைத் தாள்கள்

மீண்டும் சிறைப்பட்ட காலத்தில், 1973இல் 'நியூரோலாஜிக்', 'ஸ்டார்சீட்' ஆகியனவும் 1974இல் 'டெர்ரா டூ'வும் வெளிவந்தன. பின்னிரண்டிலும் பேச்சு விண்ணை நோக்கித் திரும்புகிறது. 'ஸ்டார்சீட்' அக்காலத்துக் கொஹூட்டெக் வால்நட்சத்திரத்தைப் பொருளாகக் கொண்டது. 'டெர்ரா டூ' பூமியை நீங்கிச் செல்லும் விண்கலத்துக்கான திட்டம். இவற்றைக் கற்பனையின் கட்டற்ற பறப்பு என்று போற்றுவோர் உளர். ஆனால் சுவர், காவலன், தோழர் ஆகிய எவரையும் பெயர்சுட்டாமல் பேசவல்ல சொற்களம் விண்வெளியே. அதிகாரி படிப்பினும் குற்றங்காண இயலாது. நண்பர் படிப்பினும் துரோகங்காண இயலாது. கேட்போர் இருதிறத்தாராகும்போது கூற்று தரையைவிட்டு எழும்புகிறது எனலாம்.

விண்கலத் திட்டமும் புலனாய்வாளருக்குத் தந்த கூற்றும் ஒரே ஆண்டில் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. முதலாவதை மட்டும் பெயர்த்தால் ஞானி கிடைப்பார். இரண்டாவதை மட்டும் கண்டால் காட்டிக்கொடுத்தவர் கிடைப்பார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலன்றி மனிதர் கிடையார். 1976 ஏப்ரலில் அவர் விடுதலையானார் என்ற செய்தியையும் இவ்வரிசையிலேயே படித்தல் வேண்டும்.

7. ஆவணத் தொகுதியின் பயன்

லியரியின் தனித்தாள்களை நியூயார்க் பொது நூலகம் 2011இல் பெற்றது. அளவு 335 பெட்டிகள். 2013இல் அவை ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. அங்குப் பணியாற்றிய ஜெனிஃபர் உல்ரிச் அவற்றிலிருந்து தொகுத்த நூல் 2018இல் வந்தது. அச்சுநூல் தேர்ந்தெடுத்துக் காட்டும். தொகுதியோ கடிதம், படி, வழக்குத்தாள், ஆய்வுப் பதிவு ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் வைக்கும்.

இதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1961 முதல் 1963 வரை லியரி குழுவினர் மாசசூசெட்ஸின் கான்கர்டு சிறையில் கைதிகளுக்கு சைலோசைபின் தந்து ஆய்ந்தனர். மீண்டும் சிறைக்கு வருவோர் குறைந்தனர் என அறிவித்தனர். ரிக் டாப்ளின் மூலப்பதிவுகளை மீண்டும் ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, அக்கூற்றுக்குப் போதிய ஆதாரமில்லை என நிறுவியது. அச்சிட்ட சொல்லைத் தாளுடன் ஒப்பிட்டதால் தெளிந்த உண்மை இது. கைதிகளைப் பற்றி எழுதியவர்க்கு வேண்டிய இச்சோதனை, கைதியாகி எழுதியபோதும் வேண்டும்.

8. முடிவுரை

சிறையெழுத்தைப் பெயர்ப்போர் ஒவ்வொரு பகுதிக்கும் காலம், களன், கேட்போர் ஆகிய மூன்றையும் முதற்கண் வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். 'நாம்', 'நாங்கள்' என்பதும் 'வாக்குமூலம்' என்பதும் அதன் பின்னரே தெரிவு செய்யத்தக்கவை. லியரியை மன்னிப்பதோ தண்டிப்பதோ மொழிபெயர்ப்பாளர் பணியன்று. அவர் ஒவ்வொரு முறையும் யாரை நோக்கிப் பேசினார் என்பதை மறையாது காட்டினால், அத்தீர்ப்பை வாசகர் தாமே வழங்கிக்கொள்வர். தமிழ் இலக்கணம் கட்டாயப்படுத்தும் தெரிவுகள் இப்பணிக்குத் தடையாகா. மூலமொழி மறைத்துச் செல்ல இடந்தரும் உறவை அவை வெளிப்படக் கேட்கின்றன.