காத்திருப்போரும் காத்திருக்கும் கமராவும்

1838ஆம் ஆண்டளவில் பிரான்சிய நாட்டவரான டாகேர் பாரிஸ் நகரத்து வீதியொன்றைச் சாளரமொன்றிலிருந்து படமாக்கினார். அக்காலத் தகடுகளில் உருப்பதிய நிமிடக்கணக்கில் ஒளி விழவேண்டியிருந்தமையால், வீதியில் விரைந்த மனிதரும் வண்டிகளும் சுவடின்றி மறைந்துபோயினர். சப்பாத்துக்கு மெருகிடுவித்தவாறு ஓரிடத்தில் நின்ற ஒருவன் மட்டும் தெளிவாகப் பதிந்தான். மெருகிட்ட தொழிலாளியோ அவன் காலடியில் மங்கலாகவே தெரிகிறான். மனித உருவைத் தாங்கி இன்று எஞ்சியுள்ள புகைப்படங்களுள் மிகப் பழையது இதுவே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. கமராவுக்கு முதலில் அகப்பட்டவன் காத்துநின்றவன் என்பது தற்செயலாயினும் சிந்திக்கத்தக்கது.

பின்னர் கமராவின் வேகம் வளர்ந்தது. நிற்கவேண்டியவர் படத்தில் இருப்பவர் என்ற நிலைமாறி, காத்திருத்தல் படம் எடுப்பவரின் தொழிலாயிற்று. இம்மாற்றத்தின் உச்சமாக ஹென்றி கார்ட்டியே பிரெசோனைக் கூறலாம். 1932இல் பாரிஸ் சென் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தில் அவர் எடுத்த படத்தில், தேங்கிய நீரைத் தாண்டிப் பாயும் மனிதனொருவனின் குதிகால் நீரைத் தொடுவதற்கு ஒரு கணமே எஞ்சியுள்ளது. பின்னணிச் சுவரொட்டியிலும் ஓர் உருவம் பாய்கிறது. நீரில் எல்லாமே தலைகீழாக நிழலாடுகின்றன. அதே ஆண்டில் ஈயேர் நகரில் எடுத்த படத்திலோ, வளைந்திறங்கும் படிக்கட்டின் கீழே சைக்கிளோட்டியொருவன் விரைந்து மறைகிறான். 1952இல் வெளிவந்த அவரது நூலின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்க்கமான கணம்’ எனப் பொருள்படுவது. பிரான்சிய மொழித் தலைப்போ அவசரமாக, ஒளிவுமறைவாக எடுத்த படங்கள் என்ற தொனியை உடையது. விமர்சகர் ஆங்கிலத் தலைப்பையே பற்றிக்கொண்டு அதனை ஒரு கோட்பாடாக்கிவிட்டனர்.

அக்கோட்பாடு கலைஞனின் எதிர்பார்ப்பை மட்டுமே மதிக்கிறது என்பதுதான் அதன் குறை. சென் லசார் படத்தின் அழகை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் அங்கு எதிர்பார்க்கப்படுவது யாது? அம்மனிதனின் கால் நனையும், அவ்வளவே. பார்ப்பவன் அடுத்த கணத்தைத் தானே நிறைவுசெய்து மகிழ்கிறான். எதிர்பார்ப்பு சட்டகத்தினுள்ளேயே தோன்றிச் சட்டகத்தினுள்ளேயே தீர்ந்துவிடுகிறது. அன்றாட வாழ்வில் மனிதர் எதிர்பார்ப்பவை பெரும்பாலும் இவ்வாறு தீர்வதில்லை.

டொறத்தியா லாங் 1933இல் சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த படம் இங்கு ஒப்புநோக்கற்பாலது. செல்வந்தரின் உருவப்படங்களை எடுத்து வாழ்ந்த அவர், தமது நிலையத்தின் சாளரத்துக்கு வெளியே வேலையற்றோர் அலைவதைக் கண்டு வீதிக்கு இறங்கினார். ‘வெள்ளைத் தேவதை’ என அழைக்கப்பட்ட பெண்மணியொருவர் இலவச உணவு வழங்கிய இடம் அது. தொப்பியணிந்த ஆடவர் கூட்டம் முதுகு காட்டி நிற்கிறது. முதியவன் ஒருவன் மட்டும் திரும்பி, மரத்தடுப்பில் கைகளை ஊன்றிக் கோத்திருக்கிறான். கைகளுக்கிடையே ஒரு தகரக் குவளை. தொப்பியின் விளிம்பு கண்களை மறைக்கிறது. கண்களைக் காணாமலே அவனது மனநிலையைக் கைகளில் வாசிக்கவேண்டியுள்ளது. அடுத்த கணத்தில் எதுவும் நிகழப்போவதில்லை. ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ எடுத்திருந்தாலும் அவன் அவ்வாறே நின்றிருக்கக்கூடும். தீர்க்கமான கணம் என்ற அளவுகோல் இங்கு பயனற்றுப்போகிறது.

தமிழ் மாணவருக்குக் காத்திருப்பு புதிய பொருளன்று. முல்லையின் உரிப்பொருளே இருத்தலாகும். ஆனால் முல்லைத் தலைவிக்கு ஒரு பருவம் குறிக்கப்பட்டுள்ளது. கார் தொடங்கினால் தலைவன் மீளவேண்டும். அவ்வெல்லை இருப்பதாலேயே ஆற்றியிருத்தல் இயல்கிறது. 1933இல் ஐக்கிய அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் வேலையற்றிருந்தனர். அவர்களுக்கு எந்தப் பருவமும் குறிக்கப்படவில்லை. குவளையோடு நிற்பவனின் இருத்தல் அகத்துக்குரியதன்று. பொருளாதார அமைப்பொன்று அவன்மீது சுமத்தியது அது.

இத்தகைய படங்களை ஆவணமென்றும் பிரெசோனுடையவற்றைக் கலையென்றும் பிரிப்போர் உளர். தடுப்பின் கோட்டையும் முதுகுகளின் இருண்ட திரளையும் நோக்குவோர் இப்பிரிவினையை ஏற்கமாட்டார். அமைப்பின் நேர்த்தியில் லாங் எவருக்கும் குறைந்தவரல்லர். தமது நேர்த்தியைக் காத்திருப்பவனுக்கு மேலாக நிறுத்தாமையே அவரது சிறப்பு.

எனினும் லாங்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராகக் கொள்ளவியலாது. 1936 மார்ச்சில் அரச நிறுவனமொன்றுக்காகப் பணியாற்றி வீடு திரும்புகையில், கலிபோர்னியாவின் நிப்போமோவில் பட்டாணி பறிப்போர் முகாமைக் கடந்து சென்றவர், சுமார் 20 மைல் தூரம் போனபின் மனம் மாறித் திரும்பிவந்தார். உறைபனியால் பயிர் அழிந்து வேலை அற்றுப்போயிருந்த அவ்விடத்திலேயே, ‘புலம்பெயர் தாய்’ எனப் புகழ்பெற்ற படம் பிறந்தது. அத்தாயின் வயதைக் கேட்டறிந்த லாங் பெயரைக் கேட்கவில்லை. படங்கள் பத்திரிகையில் வெளிவந்ததும் முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. அதற்குள் அக்குடும்பம் வேறிடம் சென்றுவிட்டது. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978இலேயே உலகுக்குத் தெரியவந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு சதமும் கிட்டவில்லை என்றும், லாங் அதனை எடுக்காதிருந்திருக்கலாம் என்றும் அவர் அப்போது கூறினார்.